ரஜூலாவின் பாய்லர் தண்ணீர்

நாகப்பட்டினம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். சுற்றிலும் கடல் கிடக்க, அந்தக் காலத்தில் நாகையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் போன ரஜூலா மாதிரி நீராவிக் கப்பலுக்குப் பாய்லர் தண்ணீரையும் கரையிலிருந்து ஏன் ஏற்ற வேண்டும் என்று கேட்டிருந்தாய். டெக் பயணிகளையும் வெங்காய மூட்டைகளையும் பற்றிப் பேசுகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

1926-ல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல் அது. 8,478 டன் என்பார்கள். அது எடையல்ல, உள்ளளவுக் கணக்கு. இரண்டு என்ஜின். ஒவ்வொன்றிலும் நீராவி சின்ன சிலிண்டர், நடு சிலிண்டர், பெரிய சிலிண்டர் என்று மூன்று இடத்தில் உழைத்த பிறகு கண்டன்சருக்குப் போகும். அங்கே பித்தளைக் குழாய்களுக்குள் கடல்நீர் ஓடும். குழாயின் வெளிப்புறத்தில் பட்ட நீராவி குளிர்ந்து மறுபடி நன்னீராகும். அதைப் பம்ப் பாய்லருக்கே திருப்பி அனுப்பும்.

வில்லங்கம் இங்கேதான். நீராவி சுருங்குவதால் கண்டன்சருக்குள் வெற்றிடம் இருக்கும். ஒரு குழாயில் ஊசித்துளை விழுந்தாலும் அந்த வெற்றிடம் கடல்நீரை உள்ளே உறிஞ்சிவிடும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. பாய்லரிலிருந்து நீராவிதான் வெளியேறும், உப்பு அங்கேயே தங்கும். கூடவே கால்சியம் சல்பேட் உலைத் தகட்டில் ஓடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாது. தகடு சிவந்து, அழுத்தம் தாங்காமல் உள்ளே புடைக்கும். அதனால் கண்டன்சர் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துச் சில்வர் நைட்ரேட் சொட்டிப் பார்ப்பார்கள். பால் மாதிரி வெளுத்தால் உப்பு நுழைந்துவிட்டது. நடுக்கடல் என்றால் கடல்நீர் உள்ளே வரும் வழியில் மரத்தூளைப் போடுவார்கள்; உறிஞ்சல் அதைத் துளைக்கே இழுத்துப்போய் அடைக்கும். என்ஜினை நிறுத்த முடிகிறபோது அந்தக் குழாயின் இரு முனையிலும் ஆப்பு அடிப்பார்கள். ஒன்றிரண்டு குழாய் போனால் பாதகமில்லை.

எண்ணெயும் ஒரு தொல்லை. சிலிண்டருக்கு விட்ட எண்ணெய் நீராவியோடு வந்துவிடும். மெல்லிய படலமாகப் படிந்தாலே தகடு காயும். அதை வடிகட்டக் கப்பல்களில் எதைப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? முற்றிய பீர்க்கங்காய் நார்! நாம் முதுகு தேய்க்கிறோமே, அதேதான்.

இவ்வளவு காத்தும் தண்ணீர் குறையும். அந்த நாளில் நாகையில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும், ஆளும் சரக்கும் படகில் போகும். என்ஜின் நின்றாலும் சரக்கைத் தூக்கி இறக்கும் நீராவி விஞ்ச் நிற்காதே. வால்விலும் இணைப்பிலும் கசிந்த நீராவி போனது போனதுதான். அந்தக் குறையை நிரப்பத்தான் நன்னீர். விஞ்சின் குழாயில் இரவில் குளிர்ந்து தேங்கிய தண்ணீரைக் காலையில் வடித்த பிறகே நீராவியைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் அந்தத் தண்ணீர் சம்மட்டி மாதிரி மோதிக் குழாயையே உடைக்கும்.

உலையை அணைக்காமல் அடக்கி வைப்பதைப் பற்றிக் கேட்டதற்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மணி