ராக்காயி இறக்கமும் தாண்டிக்குடி ஏற்றமும்

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை அம்மாவிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். இவ்வளவு பெரியவளாகிவிட்டாளே என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்துபோனாள். கடைசியில் நீ எழுதியிருந்த அந்த ஒரு வரிதான் மனதிலேயே நிற்கிறது: "இந்த வயசுல மலையில சைக்கிள் எதுக்குடா?" அதற்குப் பதில் சொல்ல எனக்கு மூன்று நாள் சாலையைச் சொல்ல வேண்டும். பொறுமையாகப் படி.

போன வியாழக்கிழமை இருட்டோடு மதுரையிலிருந்து சைக்கிளில் கிளம்பினேன். நான்குவழிச் சாலைப் பக்கமே போகவில்லை. கோச்சடை, துவரிமான், மேலக்கால் என்று வைகையை ஒட்டியே போய்ச் சோழவந்தானில் விடிந்தது. வெற்றிலைக் கொடிக்கால்களுக்குள் பனி அப்படியே தங்கியிருந்தது. (2023-ல் அந்த வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்குத் தெரியுமா? உன் தாத்தா இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பார்.) நிலக்கோட்டை, வத்தலகுண்டு, பட்டிவீரன்பட்டி தாண்டி அய்யம்பாளையத்தில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே முதல் நாள் முடிந்தது. சமவெளிதான், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பட்டிவீரன்பட்டியில் மட்டும் கொஞ்சம் நின்றேன். மேலே மலையில் பறிக்கிற காபி இங்கே இறங்கி வந்துதான் தோல் நீக்கி, தரம் பிரித்து, மூட்டையாகி வெளியூர் போகிறது. அடுத்த நாள் நான் ஏறப்போகும் சாலையில்தான் அந்த மூட்டைகள் இறங்கி வருகின்றன என்று நினைத்தபோது, மலைக்குள் பாதி நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது.

இரண்டாம் நாள்தான் நான் உனக்குச் சொல்ல வந்தது. சித்தரேவில் பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தேன். பெரும்பாறை, தடியன்குடிசை, மங்களங்கொம்பு, அப்புறம் தாண்டிக்குடி. கொடைக்கானலுக்கு ஆயிரம் வண்டி போகிற சாலை வேறு, இது வேறு. பஸ் ஒன்று போனால் அடுத்தது வரும்வரை உன் மூச்சும் சங்கிலிச் சத்தமும்தான் கேட்கும். கீழே புளியும் மாவும் இலவமும். ஒரு வளைவு ஏறியதும் புளியைக் காணோம். இன்னும் இரண்டு வளைவு ஏறினால் காற்றே மாறிவிடுகிறது. ஈரமண் வாடை, அழுகிய இலை வாடை, எங்கேயோ பலாப்பிஞ்சு. பிறகு நெடுநெடுவென்று சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி, அதன் நிழலில் காபிச் செடி. பஸ்ஸில் போனபோதெல்லாம் மலை என்பது மேலே இருக்கிற ஊர் என்றுதான் நமக்குப் பட்டது. சரிவு முழுக்க ஊர்கள் இருக்கின்றன, மாப்ள. ஒவ்வொரு உயரத்திலும் ஒரு விளைச்சல், ஒரு டீக்கடை, ஒரு பேச்சு.

பெரும்பாறைக்குக் கொஞ்சம் முன்னால், காபிப் பழம் பறிக்கிற பெண்கள் நாலைந்து பேர் சாக்கைத் தோளில் போட்டபடி சாலை ஓரமாக நின்றிருந்தார்கள். நான் பாட்டுக்கு மிதித்துக்கொண்டு போக, மூத்தவர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். "மாடு நிக்குது அண்ணே, சித்த பொறுங்க." அடுத்த வளைவில் காட்டுமாடு. ஒற்றை, கருகருவென்று, முழங்காலுக்குக் கீழே வெள்ளை. சாலையின் குறுக்கே நின்று எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் கத்தவில்லை, கல் எடுக்கவில்லை. கால்மணி நேரம் நின்றோம். அந்த நேரத்தில் அவர் என்னிடம் எல்லாம் கேட்டுவிட்டார்: எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், பஸ்ஸுக்குக் காசில்லையா. பிறகு அவராகவே காபியைப் பற்றிச் சொன்னார். மார்ச்சில் ஒரு மழை வேண்டுமாம். அந்த மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரேயடியாக வெள்ளையாகப் பூக்குமாம். மழை தவறினால் அந்த வருஷக் காய்ப்பே தவறிப்போகும். மாடு சரிவில் இறங்கியதும் அவரவர் வழியில் போனோம். காரில் போயிருந்தால் ஹாரன் அடித்திருப்பேன், அவர் பேச்சு எனக்குக் கிடைத்திருக்காது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். நல்ல காட்சி தெரிகிற வளைவு ஒவ்வொன்றிலும் உடைந்த பாட்டில். எனக்கு இரண்டு பஞ்சர், இரண்டும் கண்ணாடிச் சில்லால். அந்தப் பெண்கள் செருப்புக் காலோடு நடக்கிற பாதை அது. புல்லாவெளி அருவித் தண்ணீர் கீழே ஆத்தூர் காமராஜர் அணைக்குப் போய்த் திண்டுக்கல்லுக்குக் குடிதண்ணீர் ஆகிறது. அந்த ஓடைக்கு மேலேயும் பாட்டில்தான் கிடக்கிறது. பார்த்தபோது வயிறு எரிந்தது.

தாண்டிக்குடிக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்ததால் "தாண்டிக்குதி", அதுதான் தாண்டிக்குடி ஆனது என்கிறார்கள். மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனேன். ஊரைச் சுற்றிப் பழைய கற்திட்டைகள் இருக்கின்றன. தொல்லியல் பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு செய்த ஊர். சாலையே இல்லாத காலத்தில் மனிதர்கள் இவ்வளவு உயரம் ஏறி வந்து, செத்தவர்களுக்குக் கல்வீடு கட்டியிருக்கிறார்கள். அந்தப் பலகைக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் உன் ஞாபகம் வந்தது. நம் ராக்காயி இறக்கம்.

1984, பிளஸ் டூ பரீட்சை முடிந்த மறுநாள். வாடகை சைக்கிள் இரண்டு எடுத்துக்கொண்டு அழகர்கோயில் போனோம். பழமுதிர்சோலை வரைக்கும், அதற்கு மேலே ராக்காயி கோயில் வரைக்கும் தள்ளிக்கொண்டே ஏறினோம். நூபுர கங்கையில் குளித்துவிட்டு இறங்கும்போது நீ விழுந்தாய். தாடையில் ஐந்து தையல். அதற்குப் பிறகு நீ இறக்கத்தில் சைக்கிள் ஏறவே இல்லை. எனக்குப் பயம், எனக்கு அது வராது என்று இந்த நாற்பது வருஷமும் சொல்லி வருகிறாய்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். கடையில் இரண்டு வண்டியையும் நான்தான் முதலில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில் முன் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது. நல்லதை நான் எடுத்துக்கொண்டு அதை உன் பக்கம் தள்ளினேன். பாதி வழியில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன், மாற்றவில்லை. நீ விழுந்தது உன் பயத்தால் இல்லை, மாப்ள. அந்த வண்டியால், என்னால்.

அன்று நாம் தள்ளிக்கொண்டே ஏறியதும் நம்மிடம் தெம்பு இல்லாததால் இல்லை. அந்தச் சைக்கிளில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் போகும். என் வண்டியில் முன்னால் சின்னப் பல்சக்கரம் 28 பல், பின்னால் பெரியது 34. ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மீட்டர்தான் நகரும். நடக்கிற வேகம்தான், ஆனால் முட்டியில் அதிகப் பாரம் விழாது. உன் டாக்டர் மெதுவாகச் சைக்கிள் மிதிக்கலாம் என்று சொன்னதாக எழுதியிருந்தாயே, அதற்கு இந்தக் கியர்தான் சரி.

இறக்கத்தையும் மூன்றாம் நாள் உனக்காகவே கவனித்துக் கவனித்து இறங்கினேன். பண்ணைக்காடு வழியாக ஊத்து வந்து, அங்கிருந்து பெரிய சாலையில் வத்தலகுண்டு. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வரக்கூடாது. ரிம் சூடேறிக் கட்டைக்குப் பிடிப்பு குறைந்துவிடும், டியூப்கூட வெடிக்கலாம். வளைவுக்கு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்திவிட வேண்டும். எப்போதும் இடப்பக்கம். நாலு வளைவுக்கு ஒரு தடவை நின்று ரிம்முக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். டீ டம்ளர் மாதிரி சுட்டால் அங்கேயே பத்து நிமிஷம் உட்கார்ந்துவிடுவேன். இப்படி இறங்கினால் அரை நாள் ஆகும், ஆகட்டுமே. சாயங்காலத்துக்கு மேல் மலையில் ஓட்டுவதே இல்லை, மாடு நடமாடுகிற நேரம் அது.

மார்ச் கடைசியில் உனக்கு லீவு இருக்கும் என்று எழுதியிருந்தாய். மழை விழுந்தால் உடனே போன் பண்ணுகிறேன், பூ இருக்கும்போதே போய்விடலாம். எல்லா ஏற்றத்தையும் மிதித்தே ஆக வேண்டும் என்று இல்லை. முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுவோம், இரண்டு பேரும்தான். உனக்கு ஒரு கியர் வண்டி ஏற்பாடு செய்துவிட்டேன். நான்கு பிரேக் கட்டையும் நேற்று என் கையாலேயே புதிதாக மாட்டினேன். சீட் உயரம் வைக்க மட்டும் ஓர் அளவு வேண்டும். செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நின்று, தரையிலிருந்து தொடை சேருகிற இடம் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று மகளை அளக்கச் சொல்லி எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் கூட்டாளி