கோலத்தை மிதிக்கச் சொன்ன அம்மாவுக்கு

எங்கள் மலைப்பக்கம் டங்ஸ்டன் உலோகம் தோண்ட விட்ட சுரங்க ஏலம் ரத்து என்ற செய்தி வந்து இரண்டு நாள் ஆகிறது. மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியில் இன்னும் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. இன்று காலை மாட்டை ஓட்டிக்கொண்டு போனபோது கண்மாய்க் கரையில் நின்று ஏழு மலையையும் பார்த்தேன். இரண்டரை மாதமாக அந்தப் பக்கம் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். இன்று அழுகை வந்துவிட்டது.

2025 ஜனவரி 7ஆம் தேதி அந்தச் சுரங்கம் வேண்டாம் என்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தோமே, அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தனை பெண்கள் நடக்கிறோம். தண்ணீர் குடிக்கவே பயம், குடித்தால் எங்கே ஒதுங்குவது? ஒத்தக்கடை தாண்டி ஒரு வீட்டு வாசலில் வயதான ஒரு அம்மா நின்றிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "உள்ள வாங்க தாயி, பின்னாடி பாத்ரூம் இருக்கு" என்றார். வாசல் முழுக்க மார்கழிக் கலர்க்கோலம், நடுவில் சாணி உருண்டையில் பூசணிப்பூ. நாங்கள் தயங்கித் தயங்கி ஓரமாகக் கால் வைத்தோம். "மிதிச்சு வாங்க, கோலம் நாளைக்கும் போட்டுக்கலாம்" என்றார்.

ஐம்பது பேருக்குக் குறையாது. எல்லோரும் புழுதிக் காலோடு அவர் வீட்டுக் கூடத்தைத் தாண்டித்தான் போனோம். வாளியில் தண்ணீர் தீரத் தீர அவரே குடத்தில் மொண்டு வந்து ஊற்றினார். நாங்கள் கிளம்பும்போது கோலம் கலைந்து வெறும் கலர்ப்பொடியாகக் கிடந்தது. பூவை மட்டும் யாரும் மிதிக்கவில்லை. அவர் பெயரைக்கூடக் கேட்காமல் ஓடி வந்துவிட்டேன்.

கடையடைத்து எங்களோடு நின்ற மேலூர் வியாபாரிகள், வழக்கறிஞர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கிராமசபையில் தீர்மானம் போட்ட சுற்றுவட்டார ஊர்க்காரர்கள், எல்லோருக்கும் நன்றி. அப்புறம், வருடக்கணக்காக விடியும் முன்பே வந்து எங்கள் ஊர்க்காரர்களோடு மலையேறிப் பறவைகளை எழுதி வைத்தவர்களுக்கும். சுமார் 250 வகைப் பறவைகள், லகர் வல்லூறு, தேவாங்கு, அழுங்கு என்று கணக்கு இருந்ததால்தான் 2022இல் இங்கே 193 ஹெக்டேர் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது, அதாவது அங்கே வாழும் உயிர்களுக்காக அரசு அறிவித்த இடமானது. 'ஒரு போர்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதானே' என்று அன்றைக்கு நினைத்தேன். இந்த முறை போன இடமெல்லாம் அதைச் சொல்லித்தான் வாதாட முடிந்தது.

இனி அந்தக் கணக்கை எழுதுகிற வேலையில் நானும் இருப்பேன். மழைக்கு முன் ஆனைகொண்டான் கண்மாய்க்கு வரும் வரத்துக்கால்களில் முள்ளை வெட்டவும் வருவேன். என் மகளையும் கூட்டிக்கொண்டு போவேன்.

அம்மா, இது உங்கள் கண்ணில் பட்டால், சுனைகளில் தண்ணீர் இருக்கும்போது ஒரு நாள் வாருங்கள். மார்கழியில் வந்தால் எங்கள் வாசலிலும் கோலம் இருக்கும். மிதித்தே உள்ளே வரலாம்.