முகக்கவசம் காப்பாற்றாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுத் தொட்டியில் இறங்கி விஷவாயு தாக்கி இறந்தவர்களைப் பற்றிய செய்தி எந்தப் பத்திரிகையில் வந்தாலும் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கிறது: ‘முகக்கவசம் அணியாமல் இறங்கியதாகக் கூறப்படுகிறது.’ பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு டேனரியில் கெமிக்கல் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியைப் படித்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. நம் ஊர்களில் கொடுக்கிற முகக்கவசத்தை அணிந்து இறங்கியிருந்தாலும் அவர்கள் பிழைத்திருக்க மாட்டார்கள்.

அந்த விஷவாயு, அதாவது ஹைட்ரஜன் சல்பைடு, எப்படி வருகிறது என்று சொல்கிறேன். உப்புத் தோலை ஊறவைத்து அலசியதும், முடி கழல்வதற்காகச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போடுவோம். அந்தத் தண்ணீர் கடும் காரம், அதாவது அமிலத்துக்கு நேர் எதிர். காரமாக இருக்கும்வரை சல்பைடு தண்ணீருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். அப்புறம் சுண்ணாம்பை நீக்கி, உப்பும் கந்தக அமிலமும் விட்டுத் தோலை ஊறவைத்து (இதைத்தான் பிக்கிள் என்போம்), தோல் அழுகாமலிருக்கக் குரோம் உப்பு ஏற்றுவோம். அங்கிருந்து வெளியேறும் தண்ணீர் அமிலம். இரண்டும் ஒரே தொட்டியில் போய்ச் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அதனால்தான் சல்பைடு தண்ணீருக்குத் தனிக் கால்வாய் வேண்டும் என்பது. அதைத் தனியாகப் பிடித்து, கொஞ்சம் மாங்கனீசு சல்பேட் கலந்து காற்று ஊதினால் விஷம் பெருமளவு முறிந்துவிடும். இது தெரியாத டேனரி கிடையாது. ஆனால் மழைநாளில் கால்வாய் அடைத்துக்கொண்டால் எதை எதில் திருப்பிவிடுவது என்பது அன்றைக்கு ஷிஃப்டில் இருக்கும் மேஸ்திரியின் முடிவு.

இந்த வாயுவைக் கண்டுபிடிக்க எங்கள் ஆட்கள் நம்புவது மூக்கைத்தான். அழுகிய முட்டை நாற்றம், ஒரு பிபிஎம்முக்குக் கீழேயே (பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு வாயு இருந்தால் அது ஒரு பிபிஎம்) தெரிந்துவிடும். 8 மணி நேர வேலைக்குச் சட்டம் விட்டுவைத்த அளவு 10 பிபிஎம். 100 பிபிஎம்மில் சில நிமிடங்களுக்குள் மூக்கு மரத்துப் போகிறது. ‘நாத்தம் போயிடுச்சு, இனிமே இறங்கலாம்’ என்று ஒருவர் சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 500க்கு மேலே போனால் ஆள் மயங்குவார். 1000 என்றால் ஓரிரு மூச்சிலேயே விழுந்துவிடுவார், ஏணியைப் பிடிக்கக்கூட நேரம் இருக்காது.

துணி மாஸ்க் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்குவதும் அப்படித்தான். வடிகட்டி பொருத்திய ரப்பர் மாஸ்க்கும் ஓரளவு வாயுவுக்கு மட்டுமே. தொட்டிக்குள் பிராணவாயு குறைந்திருந்தால் அது எங்கிருந்து கொண்டுவரும்? உள்ளே இறங்கியே ஆக வேண்டுமானால் தீயணைப்பு வீரர்கள் முதுகில் மாட்டிக்கொள்கிற காற்று சிலிண்டர் வேண்டும். அக்கம்பக்கத்தில் ஒரு விபத்து நடந்ததும் எங்கள் ஸ்டோருக்கு மாஸ்க் பெட்டி பெட்டியாக வந்தது. பதிவேட்டில் ஏற்றினேன். ஆய்வுக்கு வந்தவர் அந்தப் பக்கத்தைப் பார்த்து டிக் அடித்துவிட்டுப் போனார். வாயு மீட்டர் என்று ஒரு வரவு நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பதிவேட்டில் ஏறவில்லை.

சட்டைப் பையில் மாட்டிக்கொள்ளும் ஹைட்ரஜன் சல்பைடு மீட்டர் ஒரு ஸ்மார்ட்போன் விலைக்குள் கிடைக்கிறது. மேலே நின்று ஒருமுறை அளந்தால் போதாது, மாட்டிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். ஏனென்றால் தேங்கிய கசடுக்குள் வாயு குமிழ் குமிழாகச் சிக்கியிருக்கும். மேலே மீட்டர் சைபர் காட்டும், காலை வைத்துச் சேற்றைக் கலக்கியதும் மொத்தமாகக் கிளம்பும். காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டியை விட்டு லேசில் வெளியேயும் போகாது.

இது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தார்கள்: தொட்டிக்குள் இருக்கும் காற்றைச் சோதித்துத் தகுதியுள்ள ஒருவர் எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையென்றால் இறங்குபவர் சுவாசக் கருவியும் இடுப்பில் பெல்ட்டும் அணிய வேண்டும், பெல்ட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கயிறு இருந்தால் விழுந்தவரை மேலேயிருந்தே இழுத்துவிடலாம். கயிறு இல்லாததால்தான் அவரைத் தூக்க இரண்டாமவர் குதிக்கிறார், அவரைத் தூக்க மூன்றாமவர்.

டேனரிக் கழிவு கலந்து பாலாறு மாசுபட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, எங்கள் தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் புட்டியில் பிடித்துப் போக ஆட்கள் வந்தார்கள். நல்லது, வரத்தான் வேண்டும். தொட்டிக்கு மேலே இருக்கிற காற்றைப் பிடித்துப் போக ஒருவரும் வந்ததில்லை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். தொட்டி சுத்தம் செய்ய வருகிறவர்களிலும் இன்று பலர் வெளிமாநிலத்தவர். கான்ட்ராக்டில் வந்து போகிற அவர்கள் பெயர் மஸ்டர் ரோலில் (தொழிலாளர் வருகைப் பதிவேட்டில்) இருப்பதில்லை. கெமிக்கல் மூட்டையின் மேல் இருக்கிற ஆங்கிலமும் சுவரில் இருக்கிற தமிழும் அவர்களுக்கு ஒன்றுதான்.

தங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு செய்திக்காகப் போகும்போது மாஸ்க்கைப் பற்றிக் கேட்க வேண்டாம். இறங்கும் முன் அளந்தது யார், மீட்டர் என்ன காட்டியது, சான்றில் கையெழுத்துப் போட்டது யார், கயிறு யார் கையில் இருந்தது என்று கேட்டு, கிடைத்த பதிலைப் பெயரோடு போடுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டோர் கீப்பர்,
பேரணாம்பட்டு