போனை எடுக்காதவர்களுக்கும் ஓட்டு உண்டு

அமெரிக்காவில் தேர்தல் கருத்துக் கணிப்பு நடத்துபவர்களுக்கு,

வணக்கம். டெட்ராய்ட் பக்கம் ஒரு புறநகரில் குடியிருக்கிறேன். கார் தொழிலை நம்பி மிச்சிகன் வந்து சேர்ந்த தமிழர்களில் ஒருவன். இந்த நாட்டில் முதல் ஓட்டை 2016-இல் போட்டேன். அன்று ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்தபோது மிச்சிகன் யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் எண்களை அவ்வளவு நம்பியிருந்தேன்.

மிச்சிகனும் பென்சில்வேனியாவும் 1992 முதல், விஸ்கான்சின் 1988 முதல், ஜனநாயகக் கட்சியை விட்டு விலகாத மாநிலங்கள். அந்த 2016-இல் மூன்றையும் குடியரசுக் கட்சியின் டிரம்ப் வென்றார். மிச்சிகனில் வித்தியாசம் 10,704 ஓட்டு. மூன்றையும் கூட்டினாலும் 78,000-ஐத் தொடாது. எங்கள் மாநிலத்து ஆன் ஆர்பர் ஊரின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் அத்தனை பேரையும் உட்கார வைத்தாலும் இருக்கைகள் மிச்சமிருக்கும். விஸ்கான்சினில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹிலாரி ஆறு சதவீதப் புள்ளி முன்னிலை என்று கடைசி வாரம்வரை சொன்னீர்கள். பொதுத் தேர்தல் பிரசாரத்துக்கு அவர் அந்த மாநிலத்தில் கால் வைக்கவே இல்லை.

கல்லூரி படிக்காதவர்களைக் குறைவாகக் கணக்கில் எடுத்துவிட்டோம் என்று பிறகு ஒப்புக்கொண்டீர்கள். சரி, பலர் அதைத் திருத்தவும் செய்தீர்கள். ஆனால் 2020-இல் விஸ்கான்சினில் அதே கட்சியின் பைடனுக்கு எட்டுப் புள்ளி முன்னிலை என்றது உங்கள் சராசரி. ஒரு கணிப்பு 17 என்றது. அவர் ஜெயித்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில். அப்படியென்றால் கோளாறு படிப்புக் கணக்கோடு முடியவில்லை.

எங்கள் தெருவில் கார் ஆலையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒபாமாவுக்கு இரண்டு முறை போட்டவர், அப்புறம் டிரம்புக்கு மாறினார். ஒரு அக்டோபர் சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. திரையைப் பார்த்தார், கவிழ்த்து வைத்தார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி அடித்தது, மறுபடியும் கவிழ்த்தார். “தெரியாத நம்பர்” என்றார், அவ்வளவுதான். அதே வயது, அதே படிப்பு உள்ள வேறொருவர் உங்களிடம் பேசியிருப்பார். அவர் பதிலை ஒருவருக்கும் மேலாக எண்ணி, அதாவது கூடுதல் எடை கொடுத்து, இவர் இடத்தை நிரப்பியிருப்பீர்கள். முகம் தெரியாதவரிடம் மனம்விட்டுப் பேசுகிறவரும், போனைக் கவிழ்த்து வைக்கிறவரும் ஒரே ஆளுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

2024-இல் உங்கள் எண்கள் நிஜத்துக்கு நெருங்கி வந்தன, மறுக்கவில்லை. ஆனால் அப்போதும் பிசகு டிரம்பின் ஓட்டைக் குறைத்துக் காட்டும் அதே பக்கம்தான் சாய்ந்தது. மூன்று மாநிலங்களும் மறுபடி ஒன்றாகவே டிரம்ப் பக்கம் போயின. 1992 முதல் அவை ஒரு தடவைகூடப் பிரிந்து நின்றதில்லை. ஆலை மூடிய ஊர்கள், தொழிற்சங்கக் குடும்பங்கள், வேலை தேடி வெளியே போன பிள்ளைகள் என்று மூன்றுக்கும் பொதுவானவை நிறைய. ஒன்றில் தவறினால் மூன்றிலும் தவறுவீர்கள். அதைப் போதுமான அளவு கணக்கில் எடுக்காததால்தான் 2016-இல் சிலர் ஹிலாரிக்கு 98, 99 சதவீத வாய்ப்பு என்று போட்டார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. “பிழை வரம்பு மூன்று சதவீதம்” என்று நீங்கள் அச்சிடுவது ஒரு வேட்பாளரின் பங்குக்கு மட்டும்தான். இருவருக்கும் உள்ள இடைவெளியில் அது ஏறக்குறைய இரட்டிப்பு. அதுவும்கூட, பேச மறுத்தவர்களால் வரும் பிழையைச் சேர்க்காமல். இதை எழுதுங்கள். முந்தைய மூன்று தேர்தல்களில் அதே மாநிலத்தில் எவ்வளவு தவறினீர்கள் என்பதையும், எத்தனை பேரை அழைத்து எத்தனை பேர் பேசினார்கள் என்பதையும் முன்னிலை எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள். 2028-க்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அன்புடன்,
மிச்சிகனிலிருந்து ஒரு வாக்காளர்