போப்பின் வருமானம்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அலெக்சாண்டர் போப் ‘புத்தகம் விற்றே பணக்காரரானார்’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறது. கிரேக்கக் கவி ஹோமரின் ‘இலியட்’ காவியத்தை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்த மொழிபெயர்ப்பைக் கடையில் விற்ற காசு பதிப்பாளருக்குப் போனது. போப்பைத் தூக்கி நிறுத்தியது, புத்தகம் வருமுன்பே வாசகர்கள் கட்டிய முன்பணம். இன்று முன்வெளியீட்டுத் திட்டம் என்கிறோமே, அதேதான். உ.வே.சா. காலத்தில் கையொப்பம் சேர்ப்பது என்பார்கள்.

1713இல் போப் விட்ட அறிவிப்பின்படி ஆறு தொகுதிகள், குவார்ட்டோ அளவு (அச்சுத்தாளை நான்காக மடித்தது), ஆண்டுக்கு ஒன்று, தொகுதிக்கு ஒரு கினி (ஒரு பவுனுக்குச் சற்று மேல் மதிப்புள்ள தங்க நாணயம்). சேரும்போதே இரண்டு கினி கட்டிவிட வேண்டும். பழைய பதிப்புகளையும் உரைகளையும் திரட்டும் செலவுக்கு அந்தக் கூடுதல் கினி என்று அறிவிப்பிலேயே காரணம் சொல்லியிருந்தார். புத்தகம் கைக்கு வருவது கட்டாத தாள்களாக. பைண்டிங் வாங்குபவர் பாடு.

சூட்சுமம் 1714 மார்ச்சில் பதிப்பாளர் பெர்னார்ட் லின்டாட்டோடு போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. உரிமைத் தொகையாகத் தொகுதிக்குச் சுமார் 200 பவுன். அதற்கு மேல், கையொப்பக்காரர்களுக்கான படிகள் அத்தனையையும் லின்டாட் தன் செலவில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். சேர்ந்தவர்கள் 575 பேர், படிகள் 654. அந்தக் கினிகள் முழுவதும் போப்புக்கு. 1720இல் கடைசித் தொகுதிகள் வந்தபோது அவர் கையில் நின்றது சுமார் 5,000 பவுன்.

லின்டாட் தன் பங்குக்கு ஃபோலியோ அளவில் (தாளை இரண்டாக மடித்தது) தனியாக அடித்து விற்றார். 1710இன் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம் ஹாலந்து வரை நீளாது. அங்கே கையடக்கத் திருட்டுப் பதிப்பு கிளம்பிக் கள்ளத்தனமாக லண்டனுக்குள் வந்தது. வேறு வழியின்றி அவரும் மலிவான சிற்றளவுப் பதிப்புக்கு இறங்கினார். பெரிய தாள் பிரதிகளின் விலை படுத்தது.

‘புரவலர் காலம் ஒழிந்தது’ என்று கட்டுரையாளர் எழுதுவதும் முழு உண்மையல்ல. காப்பி கடையிலும் அரண்மனையிலும் பிரபுக்களைப் பிடித்துக் கையொப்பம் போடவைத்தவர் போப்பின் நண்பரான எழுத்தாளர் ஜோனாதன் ஸ்விஃப்ட். ஒரு புரவலர் போய் 575 புரவலர்கள் வந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அவர்களில் யாரும் கவிஞரை அதட்ட முடியாது.

இந்தக் கையொப்ப முறை எல்லோருக்கும் கைகொடுக்கவில்லை. கவிஞர் ரிச்சர்ட் சாவேஜ் தம் நூல்தொகுதிக்கு வாங்கிய முன்பணத்தைக் குடித்தே தீர்த்தார், புத்தகம் வரவில்லை. 1743இல் பிரிஸ்டல் சிறையில் கடனாளியாக இறந்தார். சமையலறைப் பணிப்பெண்ணாக இருந்த மேரி லீப்பர் 1746இல் 24 வயதில் தட்டம்மையில் இறந்தார். கையொப்பம் சேர்த்து அவர் கவிதைகள் 1748இல்தான் வந்தன.

இன்னொன்று. ஹோமரின் இன்னொரு காவியமான ‘ஒடிசி’யையும் போப் தனியாக மொழிபெயர்த்ததாகக் கட்டுரை சொல்கிறது. 24 காண்டங்களில் 12தான் அவருடையவை. வில்லியம் புரூம் 8, எலைஜா ஃபென்டன் 4. அவர்கள் பங்கைக் குறைத்துச் சொல்லியே கையொப்பம் வாங்கினார், விஷயம் கசிந்து பெயரும் கெட்டது. கட்டுரை நூலாகும்போது இந்த இடங்களைத் திருத்தச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்,
தஞ்சாவூர்