எக்ஸ்டென்ஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்

அன்புக் கண்ணம்மா,

போனில் நீ கேட்டதற்கு மழுப்பிவிட்டேன். எழுதினால்தான் எனக்குக் கோவையாக வரும். ஓய்வு பெறும் வயதுக்குப் பிறகும் வேலையில் தொடர இரண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன் தருகிறார்களே, வீட்டில் உட்கார்ந்தால் மூளை மங்கிவிடுமாம், எடுத்துக்கொள் என்றாய். வேண்டாம் என்று நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். கோபப்படாமல் மேலே படி.

நீ அனுப்பியதைப் படித்தேன். அதோடு நிற்காமல் தேடியும் படித்தேன். ஃபைலைப் பிரித்தால் கடைசித் தாள் வரை பார்க்கிற புத்தி போகுமா? லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் கவனித்து வருகிற வைட்ஹால் ஆய்வுதான் உன்னைப் பயமுறுத்தியிருக்கிறது. அவர்களில் 3,400 பேருக்கு மேல் எடுத்துப் பார்த்து 2018இல் எழுதினார்கள். கேட்ட சொற்களை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லும் திறன், ஓய்வுக்கு முன்பைவிட ஓய்வுக்குப் பின் 38 சதவீதம் வேகமாகக் குறைந்ததாம். பெரிய பதவியில் இருந்தவர்களுக்கு வேலையில் இருந்தவரை கொஞ்சம் பாதுகாப்பு இருந்திருக்கிறது; ஓய்வு பெற்றதும் அதுவும் போயிற்று. இதுவரை நீ சொன்னது சரி. ஆனால் யோசித்துப் பிரித்தறிவது மாதிரியான மற்ற திறன்கள் வயதோடுதான் குறைந்தன, ஓய்வுக்கும் அதற்கும் சம்பந்தம் தெரியவில்லை என்றும் அதிலேயே இருக்கிறது.

சரி, என் வேலைக்கு வருகிறேன். பணம் கேட்டு வருகிற விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் கிளெய்ம் செக்‌ஷனில் இருந்தபோது ஒவ்வொரு ஃபைலும் ஒரு வழக்கு. மருத்துவர் எழுதிய தேதி ஒன்று, விண்ணப்பத்தில் இருக்கும் தேதி வேறு. எது தவறு, எது பொய் என்று பார்க்க வேண்டும். எதிரில் அழுகிறவரிடம் எதை எப்படிக் கேட்பது என்றும் தெரிய வேண்டும். ராத்திரி படுத்தாலும் மனசு அந்தத் தேதிகளையே புரட்டிக்கொண்டிருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் என்னை ரெக்கார்ட் ரூமுக்கு மாற்றினார்கள். உன்னிடம் "லேசான சீட்" என்று மட்டும் சொன்னேன், வருத்தப்படுவாய் என்று. வருகிற கட்டுக்கு எண் போட்டு அடுக்குவதுதான் வேலை. பகல் மூன்று மணிக்கு, காலையில் என்ன செய்தோம் என்று யோசித்தால் ஒன்றும் தட்டுப்படாது. என்னைப் பொறுத்தவரை நான் அன்றைக்கே ஓய்வு பெற்றுவிட்டேன், சம்பளம் மட்டும் நிற்கவில்லை. இப்போது எக்ஸ்டென்ஷன் தருவதும் அதே சீட்டுக்குத்தான்.

மெல்வின் கோன், கார்மி ஸ்கூலர் என்று இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1964இல் வேலைபார்க்கும் ஆண்களைப் பேட்டி கண்டார்கள். (பெண்களைக் கேட்கத் தோன்றவில்லை போலும்.) பத்து வருஷம் கழித்து அவர்களில் ஒரு பகுதியினரை மறுபடி பார்த்தார்கள். பதவியின் பெயரை வைத்து முடிவு கட்டவில்லை. காகிதத்தோடு, மனிதர்களோடு, பொருள்களோடு நீ உண்மையில் என்ன செய்கிறாய், எவ்வளவு தூரம் நீயாக முடிவெடுக்கிறாய் என்று துருவியிருக்கிறார்கள். சிக்கலான வேலை, வளைந்து யோசிக்கிற புத்தியை வளர்க்கிறது. அப்படிப்பட்ட புத்தி இருப்பவர் சிக்கலான வேலையைத் தேடிப் போகிறார். இரண்டு பக்கமும் இழுக்கிறது என்று கண்டார்கள். படித்ததும் எனக்கு ரெக்கார்ட் ரூம்தான் ஞாபகம் வந்தது.

அதற்காக, வேலையில் நீடிப்பதே மூளைக்கு நல்லது என்று எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. முதுகு ஒடிய மூட்டை சுமந்தவரிடம் போய், மூளைக்கு நல்லது, இன்னும் ஐந்து வருஷம் சுமங்கள் என்றால் அது அநியாயம்.

அப்புறம், உன் அப்பா விஷயம். முன்னதாகவே வேலையை விட்டதால்தான் அவர் மந்தமாகிவிட்டார் என்று நீயும் நானும் எத்தனை தடவை பேசியிருப்போம். நடந்தது தலைகீழ். காது மந்தமாகி, கூட்டங்களில் யார் என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடாமல், வெட்கப்பட்டுத்தான் மனிதர் வேலையை விட்டிருக்கிறார். காதுக்கருவி மாட்டிய பிறகுதான் வாயைத் திறந்து சொன்னார். இந்த ஆய்வுகளிலும் இதே இடறல் உண்டு. ஏற்கெனவே தளர்ந்தவர் சீக்கிரம் வெளியேறினால், ஓய்வுதான் தளர்த்தியது போலத் தோன்றும். கேட்கும் திறன் குறைவது டிமென்ஷியா என்கிற மறதி நோய்க்கான அபாயக் காரணிகளில் ஒன்று என்று மருத்துவ உலகமே சொல்கிறது. நாம் பழியை ஓய்வின் மேல் போட்டுவிட்டுக் காதைப் பார்க்காமல் இருந்துவிட்டோம்.

நான் சும்மா இருக்கப் போவதில்லை. கிளெய்ம் மறுக்கப்பட்டவர்களுக்கு மேல்முறையீடு எழுதித் தருகிற இலவச மையம் ஒன்றில் வாரம் மூன்று நாள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இத்தனை வருஷம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள், இனி இந்தப் பக்கம். படிவம் நிரப்ப மட்டும் என்றால் வரமாட்டேன், முழு ஃபைலும் என் கைக்கு வர வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். புது விதிகளைப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன், பாதி புரியவில்லை. நீ போட்டுக் கொடுத்த குறுக்கெழுத்து ஆப்பையும் விடவில்லை. ஆனால் அதைப் போடப் போட, அதைப் போடுவதில்தான் தேறுகிறேன்.

நேற்று ராத்திரி அப்பாவும் நானும் விளையாட்டாகப் பத்துச் சொல் எழுதி மூடிவைத்து ஒப்பித்துப் பார்த்தோம். அவர் ஏழு சொன்னார், நான் ஐந்து. காலையிலிருந்து மனிதரைப் பிடிக்க முடியவில்லை. இப்போதுகூட உள்ளேயிருந்து மூன்றாம் முறையாகக் கூப்பிடுகிறார், இந்த வீட்டில் காதுக்கருவி யாருக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டு.

அம்மா