பாதரின் குரல் தீவுவரை போன கதை: ஒரு பிந்திய நன்றி மடல்

உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு எழுதியிருக்க வேண்டிய மடல் இது. பிந்திவிட்டது, குறை நினைக்க வேண்டாம்.

ஏ32 வீதியில் முழங்காவில் பக்கத்தில் இருக்கிறது எங்கள் கோயில். நான் அங்கே பாடகர் குழாமில் கீபோர்ட் வாசிக்கிறவன், அவ்வளவுதான். ஞாயிறு பூசை இணையத்தில் தெளிவாகக் கேட்கிறதென்று சனம் பூசை முடிய வாசலில் பிடித்து எனக்குக் கைகொடுக்கிறது. எனக்கோ வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த வேலையில் முக்கால்வாசி என்னுடையது இல்லை.

2020 பங்குனியில் ஊரடங்கு போட்டு, அந்த வருடத்து உயிர்த்த ஞாயிறுக்கும் கோயில் பூட்டியே கிடந்தபோது, ஒரு போனைக் கதிரையில் சாய்த்து வைத்துத்தான் தொடங்கினோம். படம் பரவாயில்லை. சத்தம்தான் கேவலம். தகரக் கூரை, சுற்றிவரக் காற்றாடிகள், கடல் காற்று வேறு. எங்கள் கரைக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் இரணைதீவில் இருந்து ஒரு அக்கா குரல் பதிவு அனுப்பியிருந்தார்: "தம்பி, பாதர் தெரியிறார், ஆனா என்ன சொல்லுறார் எண்டு ஒண்டும் விளங்கேல்ல. மழைக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு." 1992இல் இடம்பெயர்ந்து, 2018இல் தாங்களே படகேறிப் போய்த் தங்கள் காணியில் கால் வைத்த சனம் அது. சோழகக் காற்று எழும்பினால் படகு விடுவதே பாடு, பிறகு எங்கே ஞாயிறு பூசைக்கு இக்கரை வருவது? அவர்களுக்காகத் தொடங்கினது அவர்களுக்கே விளங்கவில்லை என்றால் என்ன பிரயோசனம்?

முதல் நன்றி அந்த அக்காவுக்குத்தான். ஊரடங்கு முடிந்த பிறகும், இரண்டு வருடத்துக்கு மேலாக, ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுவிட்டு ஒளிக்காமல் சொன்னார். மற்றவர்கள் எல்லாரும் 'நல்லா இருக்கு' என்றார்கள். நல்லா இருக்கு என்பதை வைத்துக்கொண்டு ஒரு குமிழைக்கூடத் திருப்ப முடியாது. 'இண்டைக்கு ச, ஷ எல்லாம் காதைக் குத்துது' என்று அவர் சொன்னால்தான் எனக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரியும்.

அடுத்தது ரொறன்ரோவில் இருக்கும் தம்பி. நேரில் கண்டதில்லை, எங்கள் பங்கில் ஞானஸ்நானம் பெற்றவன் என்பதோடு சரி. அங்கே அவனுக்கு விடியப்புறம், இங்கே எங்களுக்குப் பின்னேரம், அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் இருந்து பொறுமையாகச் சொல்லித் தந்தான். புது மைக், புது மிக்ஸர் என்று காசு சேர்க்க நாங்கள் நோட்டீஸ் எழுதத் தொடங்கியிருந்தோம். 'அண்ணா நிப்பாட்டுங்கோ, முதல்ல விஎஸ்டி போட்டுப் பாப்பம்' என்றான். 1996இல் ஜெர்மனியின் ஸ்டெயின்பேர்க் நிறுவனம் கொண்டுவந்த மெய்நிகர் ஸ்டூடியோ தொழில்நுட்பம் அது. முன்பு ஒலிப்பதிவுக் கூடங்களில் அடுக்கடுக்காக இருந்த பெட்டிகள் செய்த வேலையைக் கணினிக்குள்ளே சின்னச் சின்ன மென்பொருள்கள் செய்கின்றன. நாங்கள் ஒளிபரப்பப் பாவிக்கும் ஓபிஎஸ் இலவசம், அதற்குள் போடும் ரியாபிளக்ஸ் என்ற விஎஸ்டி தொகுதியும் இலவசம். செய்தவர்கள் எங்கள் தமிழை வாசிக்கப் போவதில்லை, இருந்தாலும் அவர்களுக்கும் நன்றி.

முதல் இரண்டு இரவும் வீண். 64 பிட் ஓபிஎஸ்ஸுக்குப் பொருந்தாத 32 பிட் கோப்பை இறக்கிவைத்துக்கொண்டு, பட்டியலில் ஏன் வரவில்லை என்று கணினியைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு எதற்குப் பின் எதைப் போடுவது என்ற வரிசை. இரைச்சல் நீக்குவது முதலில், அடிக்குரல் இரைச்சலை 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டுவது அடுத்தது, கொம்பிரஸர் கடைசியில். எங்கள் பாதர் செபத்தை முணுமுணுப்பார், பிரசங்கத்தில் இடியாக முழங்குவார், இரண்டையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவருவது கொம்பிரஸர்தான். ஆனால் அதை முதலில் போட்டால் காற்றாடிச் சத்தத்தையும் சேர்த்துத் தூக்கிவிடும். கல் பொறுக்காமல் அரிசியை உலையில் போட்ட கதைதான்.

காற்றாடி இரைச்சலைப் படித்துக் கழிக்க அந்தத் தொகுதியில் ரியாஃபிர் என்று ஒன்று இருக்கிறது. பூசைக்கு முன் ஆள் சத்தம் இல்லாத சில விநாடிகள் அதற்குக் காற்றாடியை மட்டும் கேட்கக் கொடுத்து, பிறகு படிப்பதை நிறுத்த வேண்டும். ஒருநாள் நிறுத்த மறந்துபோனேன். அது பாதரின் குரலையும் இரைச்சல் என்று படித்துக் கழிக்கத் தொடங்க, பிரசங்கம் முழுவதும் குளத்துக்கு அடியில் இருந்து வந்தது. பிழை முழுக்க என்னுடையது. அன்றைக்குப் பாதர் ஒரு வார்த்தை ஏசவில்லை, 'யோனா மீன் வயித்துக்குள்ள இருந்து செபிச்ச மாதிரி இருந்திருக்கும்' என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும், சட்டையில் மைக் குத்தச் சம்மதித்ததுக்கும் நன்றி, பாதர்.

பின்னால் பச்சைத் துணி கட்டி, கணினி பச்சையை மறைக்கிற இடத்தில் ரோமாபுரிக் கோயிலைக் காட்டலாம் என்று ஆசைப்பட்ட இளைஞர் மன்றத்துப் பொடியளுக்கும் நன்றி, ஆசை நல்ல ஆசைதான். பொதுக்காலத்தில் பாதர் போடுவது பச்சை உடுப்பு. துணியோடு சேர்ந்து அவரும் மறைந்து, தலையும் கையும் மட்டும் பூசை செய்திருக்கும்! அந்த உற்சாகத்தை அவர்கள் வயர் இழுப்பதில் காட்டினார்கள், அதுதான் உதவி.

கரண்ட் வேலை செய்கிற அண்ணாவை மறந்தால் பாவம் பிடிக்கும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, பெற்றோலும் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கூடக் கோயிலுக்கு வர வழியில்லாமல் போனில் பூசை பார்த்த காலம். தன் உழவு இயந்திரத்தின் பற்றரியைக் கழற்றிக்கொண்டு வந்து, ரவுட்டருக்கு 12 வோல்ட்டை நேரே கொடுத்தார், லப்டொப்புக்கு இன்வேட்டர். காசு கேட்கவில்லை. தேத்தண்ணி மட்டும், சீனி கூடப் போட்டு.

சிக்னல் இழுபடும் நாட்களில் படத்தின் தரத்தை 480க்கு இறக்கிவிடுவேன், சத்தத்தை 128 கிலோபிட்டில் இருந்து குறைக்க மாட்டேன். படம் மங்கலாக இருக்கிறது என்று என்னோடு சண்டை பிடித்தவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில் அப்பம்மாதான். முந்தி, கரண்டே இல்லாத அந்தக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, நாங்கள் மாறி மாறிப் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணி கேட்டவர் அவர். மணிலாவில் இருந்து சிற்றலையில் வந்தது. படம் என்ன படம்? குரல் தெளிவாக வந்தால் எழும்பி முழந்தாளிடுவார்.

தீவுக்கு இப்போதும் இருபது விநாடியளவு பிந்தித்தான் போகிறது. நாங்கள் அடுத்த செபத்தில் இருக்கும்போது முந்தின செபத்துக்கு 'ஆமென்' என்று எழுத்தில் வரும். பழகிவிட்டது.

ரொறன்ரோத் தம்பி, நீ பார்சலில் அனுப்பின கறுப்புக் கேபிள் ஒன்று இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. எதில் குத்துவதென்று எனக்கும் தெரியவில்லை, கரண்ட் அண்ணாவுக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை பின்னேரம் போன் எடு.